தில்லியில் வெயில் காய்ந்த கதை

ஜனவரி வந்துவிட்டால் தில்லியில் மனுஷன், மாடு, நாய், குரங்கு எல்லாருக்கும் ஒரே வேலைதான். வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து அங்கே போய் உட்காருவது. எங்கள் காலனி பூங்காவுக்குக் காலை 11 மணிக்கு வந்து பாருங்கள். ஒரு ஓரத்தில் பாட்டிகள் பாயை விரித்து மேத்திக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்கள். இன்னொரு ஓரத்தில் ரிட்டயர் ஆனவர்களின் சீட்டுக் கச்சேரி. நடுவில் நாலு தெரு நாய்கள் செத்துப்போன மாதிரி கால் நீட்டிக் கிடக்கும். அதில் ஒன்றுக்கு யாரோ பழைய ஸ்வெட்டர் வேறு மாட்டி விட்டிருக்கிறார்கள்.

அந்தப் பாட்டிகளில் ஒருத்தி என் அம்மா. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். அவள் அந்தப் பாய்க்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று சொல்வதற்குத்தான் இந்தப் பதிவு. நடுவில் கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் மருத்துவம், ஒரு மலைப்பாம்பு எல்லாம் வரும். பொறுமையாகப் படியுங்கள் :-)

நான் தில்லிக்கு வந்தது 1994-ல். சரோஜினி நகர் அரசு குடியிருப்பில், தூரத்து உறவுக்காரர் வீட்டில் ஒரு அறையில் தங்கியிருந்தேன். முதல் டிசம்பரில் ஆபீசில் ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு எல்லோரும் காணாமல் போய்விட்டார்கள். தேடிப் போனால், மொத்த செக்ஷனும் வெளியே புல்தரையில் உட்கார்ந்திருக்கிறது. வேர்க்கடலை, ஆரஞ்சு, சீட்டுக்கட்டு. பெண்கள் கையில் கம்பளி நூலும் பின்னல் ஊசியும். "என்ன சார் பண்றீங்க?" என்று கேட்டேன். "தூப் சேக் ரஹே ஹை" என்றார் எங்கள் செக்ஷன் ஆபீசர். சப்பாத்தியைத் தணலில் வாட்டுகிறோமே, அதற்கும் இதே 'சேக்னா'தான். மனுஷனைப் போட்டு வாட்டுவார்களா என்று எனக்கு ஒரே சிரிப்பு.

நம் ஊரில் மொட்டை மாடி வெயிலில் வடாம் காயும், வத்தல் காயும், நெல் காயும். மனுஷன் காயமாட்டான். "வெயில்ல நிக்காதே, கறுத்துப் போயிடுவே" என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். ஆனால் நமக்கு இது சுத்தமாகத் தெரியாத விஷயம் என்றும் சொல்ல முடியாது. குறுந்தொகை 38-ம் பாட்டில், மலைப்பாறையில் மயில் இட்ட முட்டையை, வெயிலில் விளையாடும் முசுக் குரங்கின் குட்டி உருட்டிக்கொண்டிருப்பதைக் கபிலர் பார்த்து எழுதியிருக்கிறார். மலைநாட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. டெல்டாக்காரனான எனக்குத்தான் தெரியவில்லை.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

ஷாஜகான் 1639-ல் ஆரம்பித்து 1648-ல் குடிபுகுந்த ஷாஜகானாபாத், அதாவது இன்றைய பழைய தில்லி, நெருக்கமான ஊர். சந்துகளில் வெயிலே இறங்காது. அது கோடைக்கு வசதி. ஆனால் வீட்டுக்குள் நுழைந்தால் ஹவேலிகளில் நடுவில் திறந்த முற்றம் இருக்கும். மேலே தட்டையான மொட்டை மாடி. கோடைப் பகலுக்குச் சில பெரிய வீடுகளில் தரைக்கடியில் தெஹ்கானா என்ற நிலவறை, கோடை இரவுக்கு மொட்டை மாடி, குளிர்காலப் பகலுக்கு முற்றமும் அதே மொட்டை மாடியும். ஒரே வீட்டுக்குள் பருவத்துக்கேற்ப இடம் மாறி வாழ்ந்திருக்கிறார்கள். தெருவுக்கு வராத பெண்களுக்கு அந்த மாடிதான் வெளி உலகம். இன்றைக்கும் ஜாமா மஸ்ஜித் பக்கம் ஜனவரியில் போனால், பழைய ஸ்வெட்டர் போட்ட ஆடுகள் படிக்கட்டில் வெயில் காய்வதைப் பார்க்கலாம்.

அடுத்து வெள்ளைக்காரன். 1911 டிசம்பர் 12-ம் தேதி தர்பாரில் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். டிசம்பரில் தர்பார் வைத்ததற்குக் காரணம் சொல்லவே வேண்டாம். இதில் நம்மில் பலர் கவனிக்காத ஒன்று, புது தில்லி பன்னிரண்டு மாதமும் இருப்பதற்காகக் கட்டிய ஊர் இல்லை. கோடை வந்ததும் சர்க்கார் சிம்லாவுக்கு மூட்டை கட்டிவிடும். ஆக, 1931-ல் திறப்பு விழா கண்ட இந்த ஊர் முக்கியமாக ஒரு குளிர்காலத் தலைநகரம். பெரிய அதிகாரிகளுக்கு பங்களா, முன்னால் பரந்த புல்தரை. குமாஸ்தாக்களுக்கு கோல் மார்க்கெட் பக்கம், நடுவில் புல்வெளியும் சுற்றிலும் தணிந்த வரிசை வீடுகளுமாக ஸ்கொயர் ஸ்கொயராகக் கட்டினார்கள். பெரியவனுக்கு ஏக்கர் கணக்கில் வெயில், சின்னவனுக்குப் பங்கு போட்ட வெயில். ஆனால் இருவருக்கும் வெயில் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சரோஜினி நகர் (அன்றைய வினய் நகர்), நேதாஜி நகர் மாதிரி இடங்களிலும் அதே கணக்குதான். பெரும்பாலும் இரண்டு மாடி, நடுவில் திறந்தவெளி. நம்மாட்கள் ஆயிரக்கணக்கில் குடியிருந்தது இந்த மாதிரி குவார்ட்டர்ஸில்தான். நான் தங்கியிருந்த வீட்டு மாமி டிசம்பரில் கயிற்றுக் கட்டிலை வெளியே போட்டு, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து அங்கேயே கிடத்திவிடுவார். பக்கத்துக் கட்டிலில் பஞ்சாபி மாமி, அதற்குப் பக்கத்தில் கடுவாலி மாமி. மாமியின் ஹிந்தி முழுக்க அந்தக் கட்டிலில் கற்றுக்கொண்டது. கட்டிலுக்கடியில் தெருவுக்குப் பொதுவான ஒரு நாய்.

அப்புறம் நிலைமை மாறியது. ஏன் என்று புரிய சின்ன கணக்கு ஒன்று.

டிசம்பர் 21 நண்பகலில் தஞ்சாவூரில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 56 டிகிரி உயரத்தில் இருக்கும். தில்லியில் சுமார் 38 டிகிரிதான். அதாவது 15 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் தஞ்சாவூரில் 10 மீட்டர் விழுந்தால், தில்லியில் 19 மீட்டர் விழும். அதுவும் உச்சிப் பொழுதில். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். தெரு 9 மீட்டர் அகலம் என்றால், எதிர்வீட்டின் நிழல் தெருவைத் தாண்டி உங்கள் வீட்டுச் சுவரில் ஏறிவிடும்.

இந்தக் கணக்கைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டிவைத்த இடம் இதே ஊரில் இருக்கிறது. ஜெய்ப்பூர் ராஜா சவாய் ஜெய்சிங் 1724-ல் கட்டிய ஜந்தர் மந்தர். அங்கே இருக்கும் சாம்ராட் யந்திரம் ஒரு ராட்சச நிழல் கடிகாரம். அதன் சாய்வுச் சுவரின் கோணம் தில்லியின் அட்சரேகைக்குச் சமம். நிழல் எங்கே விழுகிறதோ அதுதான் நேரம். பின்னால் கன்னாட் பிளேஸைச் சுற்றி அடுக்குமாடிகள் முளைத்து, அந்த யந்திரத்துக்கே வெயில் சரியாக விழாமல் போனது. ராஜா கட்டிய கடிகாரத்துக்கே இந்தக் கதி என்றால் நாமெல்லாம் எந்த மூலைக்கு?

காலனிகளில் 80-களிலும் 90-களிலும் ஆரம்பித்தது 'பில்டர் ஃப்ளோர்' யுகம். ஒரு மாடி வீடு, மேலே ஒற்றை அறை பர்சாத்தி என்று இருந்த மனைகளில் இடித்துவிட்டு மூன்று மாடி, நாலு மாடி எழுப்பினார்கள். 2007-ல் வந்த மாஸ்டர் பிளான் 15 மீட்டர் உயரம் வரை அனுமதித்தது. முற்றம் போச்சு. மொட்டை மாடி இருக்கிறது, ஆனால் அது பத்திரத்தில் மேல் மாடிக்காரரின் சொத்து. வெயிலையும் சேர்த்து ரிஜிஸ்டர் பண்ணிக்கொண்ட மாதிரி.

அரசு குடியிருப்புகளும் தப்பவில்லை. 2016-ல் சரோஜினி நகர், நேதாஜி நகர், நவுரோஜி நகர் உட்பட ஏழு காலனிகளை இடித்துக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2018-ல் மரம் வெட்டக்கூடாது என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள், உயர் நீதிமன்றமும் தடை போட்டது. நல்ல விஷயம். ஆனால் அந்தக் கட்டில்களும் போகிறதே என்று யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. நானும் பேசவில்லை.

இப்போது அம்மா கதை.

அப்பா காலமான பிறகு 2012-ல் அம்மாவை இங்கே அழைத்து வந்தேன். அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் ஒரு பில்டர் ஃப்ளோரில் முதல் மாடி வாங்கியிருந்தோம். வடக்குப் பார்த்த வீடு. "வடக்குன்னா குபேரன் வாசல்" என்று நான் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. தெற்குப் பக்கம் பின்வீட்டோடு ஒட்டிக்கிடந்தது. எதிர்வரிசை வீடுகளின் மேல் மாடிச் சுவரில் வெயில் பளீரென்று அடிக்கும். எங்கள் வீட்டுக்குள் அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஒரு சொட்டு வராது. அது வரவில்லை என்பதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. நானும் தங்கமணியும் வேலைக்குப் போகிறவர்கள், பசங்கள் ஸ்கூல்.

அம்மா இரண்டு குளிர்காலத்தையும் ஹீட்டர் முன்னால், சால்வையைப் போர்த்திக்கொண்டு, தமிழ் சேனல் பார்த்துக்கொண்டு கழித்தாள். ஹிந்தி தெரியாது. கீழே இறங்க மாட்டாள். இரண்டாவது வருஷக் கடைசியில் இடுப்பு வலி, தொடை வலி. தரையிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. ஒரு டாக்டர், "வயசாச்சு இல்லையா" என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். 2014 பிப்ரவரியில் பாத்ரூமில் லேசாக வழுக்கினாள். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

கட்டுப் போட்ட டாக்டர்தான் கேட்டார், "மாதாஜி வெயிலில் உட்காருவாரா?" என்று. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 6. இருபதுக்கு மேலாவது இருக்க வேண்டும் என்றார். "வெயிலே ஊரா இருக்கிற இடத்துல பொறந்தவ நான். எனக்கா வெயில் பத்தலைன்னு சொல்றார்?" என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபத்தெட்டு வருஷம் வெயிலில் இருந்தவளை இரண்டே வருஷத்தில் நிழலில் வைத்து இந்த நிலைக்குக் கொண்டுவந்தது நான்தானே.

அன்று ராத்திரி படிக்க ஆரம்பித்ததுதான் இந்தச் சரித்திரமெல்லாம்.

எலும்புக்கும் வெயிலுக்கும் உள்ள தொடர்பு வெளிச்சத்துக்கு வந்ததில் நம் நாட்டுக்கும் பங்கு இருக்கிறது. குழந்தைகளுக்குக் கால் வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோய் தொழிற்சாலைப் புகை மண்டிய ஐரோப்பிய நகரங்களில்தான் அதிகம், வெயில் நாடுகளில் இல்லை என்று 1890-ல் தியோபால்ட் பாம் என்ற ஆங்கில டாக்டர் பல நாடுகளில் இருந்த மிஷனரிகளிடம் கேட்டுத் தொகுத்து எழுதினார். 1922-ல் ஹட்சிசன், ஷா என்ற இருவர் நாசிக் பக்கத்துக் குழந்தைகளைப் பற்றி எழுதியது இன்னும் ஆச்சரியம். நல்ல சாப்பாடு சாப்பிட்டு, பர்தாவுக்குள் வீட்டோடு இருந்த வசதியான குடும்பங்களில் ரிக்கெட்ஸ் இருந்தது. அரைவயிறு சாப்பிட்டு வெளியே வேலை செய்த ஏழைகளிடம் இல்லை. 1928-ல் கேத்லீன் வாகன் என்ற பெண் டாக்டர் காஷ்மீர் அனுபவத்தை வைத்து இதையே பிரசவத்தோடு சேர்த்து எழுதினார். பர்தா வீட்டுப் பெண்களுக்கு இடுப்பெலும்பு மெலிந்து வளைந்து பிரசவமே ஆபத்தாகிறது, ஏரியில் படகிலேயே வாழும் ஏழைப் பெண்களுக்கு அப்படி இல்லை என்று.

நம் தில்லிக்கே வருவோம். 2000-ல் எய்ம்ஸ் டாக்டர்கள் இந்த ஊரில் ஆரோக்கியமாக இருப்பவர்களைச் சோதித்தார்கள். வெட்டவெளியில் பயிற்சி செய்யும் ராணுவ வீரர்களுக்கு மட்டும்தான் வைட்டமின் டி ஓரளவு சரியாக இருந்தது. டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குறைவு. 2002-ல் வந்த இன்னொரு ஆய்வில் பழைய தில்லி மோரி கேட் பக்கத்துக் கைக்குழந்தைகளையும், அன்றைக்குப் புகை குறைவாக இருந்த குர்காவ்ன் பக்கத்துக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். மோரி கேட் குழந்தைகளுக்குப் பாதிக்கும் குறைவு. புகை மண்டலம் அந்தக் கதிர்களை மேலேயே தடுத்துவிடுகிறது. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலிலும் சூடு இருக்குமே தவிர அந்தக் கதிர் இருக்காது.

அம்மாவுக்கு டாக்டர் வாரம் ஒரு பாக்கெட் வைட்டமின் தூள் கொடுத்தார். உண்மையைச் சொன்னால், ரத்தத்தில் எண் ஏறியது அந்தத் தூளால்தான். இந்தப் புகையில் ஜனவரி வெயிலை மட்டும் நம்பியிருந்தால் ஏறியிருக்காது. அதனால் யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆனால், "வெயில்லயும் உக்காரச் சொல்லுங்க" என்றார் டாக்டர். அடுத்த நவம்பரில் நான் மேல் மாடிக்காரரிடம் மொட்டை மாடிச் சாவி கேட்டேன். தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, செடி இருக்கிறது, பாதுகாப்பு என்று என்னவோ சொல்லித் தட்டிக்கழித்தார். சட்டப்படி அது அவர் மாடி. கோபத்தோடு இறங்கி வந்தேன்.

அந்த டிசம்பர் லீவில்தான் பசங்களைப் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். பறவை பார்க்கப் போன இடத்தில் வழிகாட்டி மலைப்பாம்பு காட்டினார். முள்ளம்பன்றி தோண்டிய வளையில்தான் அங்கே மலைப்பாம்புகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. முள்ளம்பன்றியும் உள்ளேயே இருக்குமாம். நம்மைப் போல உடம்புக்குள் சூடு உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணி என்பதால், வெயில் ஏறியதும் வளையின் வாயில் வந்து சுருண்டு படுக்கும். வெயில்தான் அதற்கு ஹீட்டர். சம்பல் நதியில் கரியால் முதலைகள் குளிர்காலத்தில் மணல்திட்டில் வரிசையாகக் கிடப்பதும் இதற்காகத்தான். அவற்றை எண்ணுகிறவர்களும் அந்த நேரமாகப் பார்த்துத்தான் போகிறார்கள். நாய்க்கு அப்படி அவசியமில்லை. அதற்குத் தோலில் போதுமான வைட்டமினும் உண்டாகாது. சுகத்துக்காகத்தான் படுக்கிறது.

பரத்பூர் மலைப்பாம்புகளை 80-களில் வருஷக்கணக்கில் கவனித்து ஆராய்ந்தவர் பூபதி. பின்னாளில் கோவை சாலிம் அலி பறவையியல் மையத்தில் விஞ்ஞானியாக இருந்தார். அந்த 2014 ஏப்ரலில்தான் அகத்தியமலையில் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் இறந்துபோனார். நம் ஆள் ஒருவர் இத்தனை தூரம் வந்து, பாம்பு எத்தனை மணிக்கு வெயிலுக்கு வருகிறது என்றெல்லாம் பார்த்துக் குறித்திருக்கிறார். நான் பெற்ற தாய் எத்தனை மணிக்கு வெயிலைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் நின்றிருந்தபோது இன்னொரு கும்பல் சத்தமாக வந்தது. பாம்பு மெதுவாக வளைக்குள் இறங்கிவிட்டது. "பாவம், அதை வெயில் காயவிடாம வெரட்டிட்டாங்க" என்றான் என் சின்னவன். தங்கமணி என்னைப் பார்த்தாள்.

திரும்பி வந்ததும் மேல் மாடிச் சாவியை மறந்துவிட்டு, அம்மாவைக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். பூங்கா இருநூறு அடி தூரம்தான். முதல் நாள் தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் ஒரு பஞ்சாபிப் பாட்டி பாயில் நகர்ந்து இடம் விட்டு, கையைப் பிடித்து உட்கார வைத்து, மடியில் ஒரு கட்டு மேத்தியைப் போட்டுவிட்டார். பேச்சே தேவைப்படவில்லை. கீரை ஆய எந்த பாஷை வேண்டும்? அம்மா அடுத்த வாரம் இங்கிருந்து தட்டை செய்து எடுத்துப் போனாள். அந்தப் பாட்டிகளில் ஒருவர் பிரிவினையின்போது ராவல்பிண்டியிலிருந்து குழந்தையாக வந்தவர் என்பது எனக்கே அம்மா சொல்லித்தான் தெரியும். எந்த ஹிந்தியில் கேட்டாளோ!

ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வரப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வடக்கே எந்த ஊராக இருந்தாலும், வீடு பார்க்கப் போகும்போது வாஸ்து பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முடிந்தால் டிசம்பர், ஜனவரியில் நண்பகல் நேரத்தில் போய், வெயில் எதுவரை வருகிறது என்று பாருங்கள். மொட்டை மாடிக்குப் போகும் உரிமை உண்டா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் நடந்து போகிற தூரத்தில் பூங்கா இருக்கிறதா என்றாவது பாருங்கள். பெரியவர்களை அங்கே முதல் தடவை நாம்தான் கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டும். தானாகப் போகமாட்டார்கள்.

அம்மாவுக்கு இப்போது எண்பது ஆகிறது. மணிக்கட்டு கொஞ்சம் வளைந்துதான் சேர்ந்திருக்கிறது. இன்று பனிமூட்டம், சூரியனே வரவில்லை. பதினோரு மணியிலிருந்து பால்கனியில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "தூப் வந்துச்சாடா?" என்று இதோடு நாலு தடவை கேட்டுவிட்டாள்.